ராஜாவின் காலைத் தொட்டது

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை மாறவேலன் என்றொரு ராஜா ஆண்டான். ஆள் நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் திடீரென்று, "ஏழூர் ஏரி இனிமேல் எனக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டான். அதுவரை ஏழு ஊர்ச் சனமும் அங்கே மீன் பிடித்தது, கரைக்காட்டில் முயல் வேட்டையாடியது. இப்போது சுற்றிலும் முள்வேலி.

தூபம் போட்டவர் வேட்டை அதிகாரி குஞ்சரராயர். ராஜாவின் அம்புக்கு மறைப்பு இருக்கக் கூடாதாம்! ஏரி நாணலை ஒரு தண்டு விடாமல் கொளுத்தினார். கொக்கு கூடு கட்டும் கருவேல மரங்களையும் வெட்டிச் சாய்த்தார்.

மூன்றாம் வருஷம் பங்குனியில் ராஜா வேட்டைக்கு வந்தான். வேலிக்குள் கால் வைத்ததுமே அவனுக்கு என்னவோ போல் இருந்தது. ஒரு கொக்கு இல்லை. ஒரு தவளைகூடக் கத்தவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தான். அந்தச் சத்தம் அக்கரை வரை போய் அவனிடமே திரும்பி வந்தது.

"என்னய்யா இது, சாவு வீடு மாதிரி கிடக்கே?"

"எல்லாம் தங்கள் வருகைக்கு அடங்கி நிற்கின்றன மகாராஜா! தண்ணீருக்குள்ளே மீன் நெருக்கித் தள்ளுகிறது" என்றார் குஞ்சரராயர்.

"பொய்!" என்றது வேலிக்கு வெளியே ஒரு குரல். மதகைத் திறந்து மூடுகிற மடைக்காரி இருளாயி. முன்பெல்லாம் ஏரியைப் பற்றி எது கேட்பதானாலும் ராஜா அவளைத்தான் கூப்பிடுவான். அதனாலேயே குஞ்சரராயருக்கு அவளைக் கண்டால் ஆகாது.

"மகாராசா, நாணல் தூர்லதான் மீன் முட்டை வைக்கும். தூரை எரிச்சுப்புட்டா மீன் எங்கேருந்து வரும்? வானத்திலேருந்தா?"

"திருடுவதற்கு வழி பார்க்கிறாள் மகாராஜா! ஏழு ஊரையும் காலி செய்தால்தான் ஏரி தழைக்கும்."

ராஜாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. யார் மேல் என்றுதான் அவனுக்கே தெரியவில்லை.

இருளாயி கைகூப்பினாள். "எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு மகாராசா. வருசத்துக்கு ஒருநா, உச்சிவேளையில, இடுப்பளவு தண்ணியில அசையாம நிக்கணும். நிழல் ஒரு முழம் சாயுறதுக்குள்ள மீன் வந்து காலைத் தொட்டா வெள்ளைத் துண்டை வீசுவோம், எல்லாரும் இறங்கலாம். தொடலேன்னா அந்த வருசம் ஒருத்தரும் வலையை நனைக்க மாட்டோம். இத்தனை நாளும் ஊருக்காக நான் நின்னேன். இப்ப ஏரிக்குச் சொந்தக்காரர் நீங்கதானே?"

"நாளைக்கே நிற்கிறேன்! மீன் தொட்டால் ஏழு ஊரும் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். தொடாவிட்டால் வேலியைப் பிரிக்கிறேன்."

இருளாயி ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏழு ஊரிலும் நிறைமாசக்காரிகள் இருந்தார்கள், நடக்கமாட்டாத கிழவர்கள் இருந்தார்கள். இருந்தாலும் தலையை ஆட்டினாள்.

மறுநாள் உச்சிவேளை. பேய் உலாவுகிற நேரம் என்பார்களே, அதே நேரம். ராஜா தண்ணீரில் நின்றான். மேலே வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே காலோ சில்லிட்டு விறைத்தது. கரையில் ஏழு ஊரும் கூடியிருந்தது. நாலடி தள்ளி ஒற்றை நாணல் நின்றது. பேருக்குக்கூடக் காற்றில்லை. ஆனாலும் அது லேசாக ஆடியது.

இடது கணுக்காலை ஏதோ தடவியது. மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்புவது போல. அது போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து வலது காலை ஏதோ பற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து விரல்!

"ஐயோ! அம்மா!" தான் ராஜா என்பதையே மறந்து அலறினான்.

"மீன் தொட்டுவிட்டது!" என்று குதித்தார் குஞ்சரராயர்.

"மீனுக்கு ஏதய்யா ஐந்து விரல்?" என்றான் ராஜா.

இருளாயியின் கண் அந்த ஒற்றை நாணல் மேல் நின்றது. ஒரு தண்டு விடாமல் எரித்த ஏரியில் இது மட்டும் எப்படி முளைத்தது? அதுவும் இப்போது ராஜாவை விட்டு மெல்ல நகர்ந்து போகிறதே!

"மகாராசா, இது நீர்ப்பேய்! காலைப் பிடிச்சது மூணு நாளையில உசுரைப் பிடிச்சிரும். அந்த நாணலுக்கு அடியில ஈட்டியைப் பாய்ச்சச் சொல்லுங்க. பேய்க்கு அங்கதான் நெஞ்சு!"

பத்து வீரர்கள் ஈட்டியை ஓங்கினார்கள். குஞ்சரராயர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "வேண்டாம் மகாராஜா, வேண்டாம்! அது பேயில்லை, என் மச்சினன்!"

நாணல் மேலே எழுந்தது. அதன் அடியை வாயில் கவ்விக்கொண்டு, சேறு வழிய, ஒரு தடியன் நின்றான்.

"மீன் நெருக்கித் தள்ளுகிற ஏரியில் உம்ம மச்சினனுக்கு எப்படி ஐயா இடம் கிடைத்தது?" என்றான் ராஜா. கரை முழுக்கச் சிரித்தது. ராஜாவும் சிரித்தான்.

வேலி அன்றைக்கே பிரிந்தது. மச்சானும் மச்சினனும் சேற்றில் நின்று நாணல் நட வேண்டும், கரையெல்லாம் கருவேலங்கன்று வைக்க வேண்டும் என்று தீர்ப்பு. "இருளாயி, துண்டை வீசு! சனங்கள் இறங்கட்டும்!"

அவள் துண்டை மடித்து இடுப்பில் செருகினாள். "மீன் தொடலையே மகாராசா. வழக்கம் எங்களுக்கும்தானே?" ஏழு ஊரும் வெறுங்கூடையோடு வீடு திரும்பியது. அதைப் பார்க்க ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது.

போகும்போது மச்சினனைக் கூப்பிட்டான். "முதலில் ஏனடா இடது காலைத் தடவினாய்?"

"இடது காலா? சத்தியமா நான் பிடிச்சது வலது கால் ஒண்ணைத்தான் மகாராஜா!"

மூன்று வருஷம் துண்டு இடுப்பிலேயே இருந்தது. நான்காம் பங்குனியில் நாணல் ஆள் உயரம் நின்றது, கொக்குச் சத்தம் காதை அடைத்தது. ராஜா தானே கேட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். ஏதோ உரசியது, துள்ளினான்.

"எத்தனை விரல்?" என்று ஏழு ஊரும் கத்தியது.

"விரலே இல்லை! மீசை! கெளுத்தி மீசை!"

வெள்ளைத் துண்டு பறந்தது. கூடையும் வலையுமாகச் சனம் ஏரியில் பாய்ந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே ராஜா இருளாயியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அன்றைக்கு என் இடது காலைத் தொட்டது யாரம்மா?"

"ஏரி யாரையும் ஒரு தடவை தொட்டுச் சொல்லும் மகாராசா."

"அதற்கப்புறமும் கேட்காவிட்டால்?"

"அப்புறம் தொடாது. பிடிச்சுக்கும்."

ராஜா இடது காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியடித்தே கரையேறினான்.