நரி திருத்தின கேள்வி எண்

ஒரே ஒரு ஊர்ல, பாறைக்கோட்டைன்னு பேரு, அங்கே ஒரு ராசா இருந்தாரு. நெல்லுக் களஞ்சியத்துக்குக் காவல் வேணும், எழுத்துப் பரீட்சையில செயிச்சா வேலையும் உண்டு, களஞ்சியச் சுவர்ல காய்ஞ்ச பொந்தும் உண்டுன்னு தண்டோரா போட்டாரு. கீரிக்கு அந்தப் பொந்து வேணும். அது வளையில தண்ணி ஏறுது, உள்ளே மூணு குட்டி. கீரி பரீட்சை எழுதுமான்னு கேக்காதீங்க. எழுதும், கதையைக் கேளுங்க.

எப்படி எழுதணும்னுதான் அதுக்குத் தெரியலை. ஆமைகிட்டப் போச்சு. "சுருக்கமா எழுது தாயி"ன்னுச்சு. காக்காகிட்டப் போச்சு. "ஓலையைச் சாண் போட்டு அளந்துதான் மார்க்கு, நீட்டி எழுது"ன்னுச்சு. நரிகிட்டப் போச்சு. நரியும் அதே வேலைக்குத்தான் எழுதுது. "கேள்வியைப் படிக்காதேக்கா, படிச்சா பயம் வரும்"னுச்சு. சுருக்கவா, நீட்டவா, படிக்கவா, விடவா? கீரிக்குத் தலை கிர்ருன்னுச்சு.

பரீட்சையில ரெண்டே கேள்வி. ஒண்ணு, கிணத்துல விழுந்தவரை என்ன செய்வே? ரெண்டு, திருடனை என்ன செய்வே? கீரி முதல் கேள்வியைப் படிச்சுச்சு, பதில் ஓடலை. மறுபடி படிச்சுச்சு, ஓடலை. மூணாவதா படிச்சும் ஓடலை. சரி, தெரிஞ்சதை எழுதுவோம்னு, ‘2’ போட்டு, "வாலைப் பிடிச்சு இழுத்துத் தூணில கட்டி மூணு மொத்து மொத்தணும்"னு எழுதுச்சு. அப்புறம் குட்டிங்க நினைப்பு வந்து, ‘1’ போட்டு, "கயிறு விட்டுத் தூக்கிச் சூடாக் கஞ்சி குடுக்கணும்"னு முடிச்சுச்சு.

பின்னாடி இருந்த நரி, கேள்வியைப் படிக்காமலே, எட்டிப் பார்த்து அப்படியே எழுதுச்சு. "பாவம், இவளுக்கு எண்ணுகூட வரிசையாப் போடத் தெரியலை"ன்னு அதை மட்டும் ‘1’, ‘2’ன்னு திருத்திக்கிச்சு.

அந்த ஊர் வழக்கம் என்னன்னா, முதல் கேள்விக்கு எழுதின பதிலை எழுதினவங்க மேலேயே செஞ்சு பார்த்துத்தான் மார்க்கு. கீரியைக் கிணத்துல இறக்கினாங்க, கயிறு வந்துச்சு, கஞ்சி வந்துச்சு. அப்புறம் நரியை இறக்கினாங்க, வாலைப் பிடிச்சு இழுத்துத் தூணில கட்டினாங்க.

"ஐயோ ராசா, நான் விழுந்தவன், திருடன் இல்லே!"

"அடுத்தவ ஓலையைப் பார்த்தவன் வேற யாருடா?"

மொத்து, மொத்து, மொத்து.

கீரிக்கு அப்பவும் குழப்பம். "ராசா, நான் எழுதினது சுருக்கமா, நீட்டமா?"

"கேட்டதை எழுதினே. போம்மா, மழை வருது, குட்டிங்களைத் தூக்கிட்டு வா."

கீரி பொந்துக்குப் போச்சு, நரி வீக்கத்துக்குப் பத்துப் போடப் போச்சு. கேள்வியைப் படிச்சவங்க தூங்குங்க, படிக்காதவங்க வாலைப் பத்திரமா வச்சுக்குங்க.