ஏகாம்பரம் வீட்டு வெள்ளை அடுப்படி

ஒரு ஊர்ல ஒரு அடுப்படி இருந்துச்சாம். ராஜா இல்லையான்னு கேக்காதே. ராஜா வருவாரு, ஆனா கிரீடம் இருக்காது, கையில ஷேட் கார்டு இருக்கும். அதான், பெயிண்ட் கடையில குடுக்குற கலர் அட்டை. அது கைக்கு வந்துட்டாப் போதும், சில பேருக்குத் தரையில கால் நிக்காது. நீ காலை ஆட்டாம படு. ம் சொல்லு, அப்பதான் மேல சொல்லுவேன். ஆங், சரி.

அந்த ஊர்ல பூங்கோதைன்னு ஒருத்தி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வாடகை வீடுதான். ஒவ்வொரு வீட்லயும் அடுப்படி ஒரு இருட்டுப் பொந்து. சுவர்ல சாஞ்சா புடவையில நீலச் சுண்ணாம்பு ஒட்டிக்கும், ஒரு ஆணி அடிச்சா வீட்டுக்காரம்மா சண்டைக்கு வந்துருவா. அப்புறம் ஒரு வழியா அவ புருஷன் ஏகாம்பரம் சொந்தமா வீடு கட்டுனாரு. பூங்கோதைக்குத் தலைகால் புரியல. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அடுப்படிக்கு மட்டும் பாசிப்பருப்பு நிறத்துல இளமஞ்சளா அடிச்சுத் தாங்க, விடியக்காலையில உள்ள போனா மனசுக்குத் தெம்பா இருக்கும்னு கேட்டா. ஏகாம்பரம், பாக்கலாம்னு சொன்னாரு. பாக்கலாம்னா என்ன தெரியுமா கண்ணு? பாக்கவே மாட்டேன்னு அர்த்தம்.

அந்த மனுஷனுக்கு சோறு எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா, தட்டுலேர்ந்துன்னு சொல்லுவாரு. ஆனா அடுப்படிக்குக் கலர் மட்டும் அவருதான் முடிவு பண்ணணும். ஹால்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு, வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அட்டையை நீட்டி யோசனை கேட்டாரு. பால்காரர்கிட்ட கேட்டாரு, கேபிள் ஒயர் இழுக்க வந்தவர்கிட்ட கேட்டாரு. பூங்கோதை காபி கொண்டுவந்து வச்சா, வாங்கிக் குடிச்சிட்டு அவகிட்ட மட்டும் கேக்கல.

மொதல்ல அவரோட அக்கா மரகதம் வந்தா. அந்தம்மாவுக்கு வாஸ்து தண்ணிபட்ட பாடு. வந்து நின்னா, மூக்கை உறிஞ்சுனா, இது அக்னி மூலை, சிவப்பு அடிச்சாத்தான் வீடு விளங்கும்னுட்டா. அக்கா சொன்னா ஏகாம்பரத்துக்கு அப்பீல் ஏது? சரக் சரக், சரக் சரக்னு பெயிண்டர் ரெண்டு கோட்டிங் சிவப்பா அடிச்சாரு. அப்புறம் லைட்டைப் போட்டுட்டு ஏகாம்பரம் எட்டிப் பாத்தாரு. உள்ள பூங்கோதை நிக்கிறா, முகமெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. அவரு ரெண்டு அடி பின்னால போயிட்டாரு.

"ஏன் இப்படிக் கோவமா பாக்குற?"

"நான் கோவமா இல்லீங்க. சுவரு."

அன்னிக்கு முழுக்க அவ பக்கத்துல போகவே பயந்தாரு. மறுநாளே சிவப்பு வேணாம்னுட்டாரு. பூங்கோதை, அப்போ மஞ்சள் அடிச்சுரலாங்களான்னு கேட்டா. பாக்கலாம்னாரு.

ம் சொல்றியா, தூங்கிட்டியா? சொல்றியா, சரி.

அப்புறம் ரெண்டாவதா அவரோட ஆபீசர் வந்தாரு. வாய்ல பாக்கைப் போட்டுக்கிட்டு, இப்பல்லாம் பெரிய வீடுகள்ல கருப்புதான்யா, கருப்புன்னா ஒரு கெத்துன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான். சுவர் கருப்பு, மேடை கருப்பு, அலமாரி கருப்பு. பட்டப்பகல்ல நாலு லைட்டைப் போட்டாலும் கரண்டி எங்க இருக்குன்னு தடவித்தான் பாக்கணும். ஆனா கரப்பானுக்குக் கொண்டாட்டம். ஊர்ல இருக்குற கரப்பான் எல்லாம் புள்ளகுட்டியோட குடிவந்துருச்சு, இங்க நாம நடுமேடையில நடந்தாலும் ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாதுன்னு. ஏகாம்பரம் பெருமையா மேடையில கையை ஊனிக்கிட்டு வந்தவங்களுக்கு விளக்கம் சொல்லிட்டு இருந்தாரு. உள்ளங்கையில குறுகுறுங்குது. கையை எடுத்தா சரசரன்னு சட்டைக்குள்ள ஏறுது. ஐயோன்னு ஒரு குதி குதிச்சாரு பாரு, அந்தக் குதியில கருப்பும் ஒழிஞ்சுது.

அப்பவும் பூங்கோதை வாயைத் திறந்தா. அவரு கையைக் காட்டி நிறுத்திட்டாரு.

ஏன்னா மூணாவது ஆள் வந்தாச்சு. வெளிநாட்டுல இருக்குற அவங்க பையன் கபிலன் போன்ல ஒரு போட்டோ அனுப்பிட்டான். எல்லாமே வெள்ளை. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கல்லு, கைப்பிடியே இல்லாத வெள்ளை அலமாரி. அவன் அங்க மூணு வேளையும் ரொட்டியைப் பிச்சுத் தின்னுட்டுக் கிடக்கான், அவனுக்கு அடுப்படி வெள்ளையா இருந்தா என்ன, இல்லாமயே இருந்தா என்ன? ஆனா ஏகாம்பரம் சொக்கிப் போயிட்டாரு. சரக் சரக். கண்ணு கூசுற வெள்ளை. ஆஸ்பத்திரில ஆபரேஷன் ரூம் இருக்கும்ல, அந்த மாதிரி.

அப்புறம்தான் அவருக்கு பயம் வந்துச்சு. மஞ்சப்பொடி டப்பா உள்ள வரக் கூடாதுன்னாரு. தாளிக்கக் கூடாதுன்னாரு. கடைசியில, கொல்லைப்பக்கம் ஒரு தகரத்தைப் போட்டு, பழைய அடுப்பைக் கொண்டுபோய் அதுக்குக் கீழ வச்சாரு. நீ சமைக்கிறதை இங்க வச்சுக்கோ பூங்கோதை, உள்ள இருக்குறது வர்றவங்க பாக்குறதுக்குன்னாரு.

அந்தத் தகரத்துக்குக் கீழ நின்னு பூங்கோதை நினைச்சுப் பாத்தா. வாடகை வீட்ல இருட்டா இருந்தாலும் அடுப்படி அவளோடதா இருந்துச்சு. சொந்த வீட்ல அவ தெருநாயோட நிக்கணும், சாரல் அடிச்சா நனையணும். கண்ணுல தண்ணி முட்டுச்சு. அழல அவ. அழுதா யாருக்கு லாபம்?

வாடகை வீட்டைக் காலி பண்ண வேண்டி வந்ததால முன்னாடியே குடிவந்துட்டாங்க, கலர் முடியட்டும்னு தள்ளிப் போட்ட கிரகப்பிரவேசம் இப்பதான் வந்துச்சு. சொந்தக்காரங்க கூட்டம். புது வீட்ல பால் காய்ச்சணும் இல்லையா? அதைக் கொல்லையில காய்ச்ச முடியாது, உள்ளதான் காய்ச்சணும். அதுவும் காய்ச்சுனா மட்டும் பத்தாது, பொங்கி வழியணும். புதுப் பானை, கழுத்துல மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு கொண்டுவந்தாங்க. ஏகாம்பரம் அதைப் பாத்ததுமே, மஞ்சள் பூசாம வைக்கக் கூடாதான்னு முணுமுணுத்தாரு. மரகதம் ஒரு முறை முறைச்சா, அடங்கிட்டாரு.

எல்லாரும் பாலைப் பாக்குறாங்க, அவரு மட்டும் வெள்ளைக் கல்லைப் பாக்குறாரு. பால் கொதகொதன்னு மேல வருது. பொம்பளைங்க எல்லாம் குலவை போட வாயைக் குவிச்சாச்சு. டக்! அடுப்பை அணைச்சுட்டாரு. பால் புஸ்ஸுனு கீழ போயிருச்சு. குவிச்ச வாயை என்ன பண்றதுன்னு தெரியாம அத்தனை பேரும் முழிக்கிறாங்க.

மறுபடி பத்த வச்சாங்க. இந்தத் தடவை மரகதம் அடுப்புத் திருகு மேல கையை வச்சுக்கிட்டு நின்னா. பால் மேல வந்துச்சு. ஏகாம்பரம் குனிஞ்சு ஃபூ ஃபூன்னு ஊதுறாரு. கன்னம் ரெண்டும் உப்பி, மீசை நனைஞ்சு, கிரகப்பிரவேசம் பண்ற மனுஷன் நிக்கிற நிலையைப் பாரு. பால் திரும்பவும் இறங்கிருச்சு. கூட்டத்துல முணுமுணுப்பு. பொங்காத பால் நல்லதுக்கில்லைன்னு ஒரு பெரியவர் சொல்லிட்டாரு.

மூணாவது தடவை அவரு ஒரு செம்பு பச்சைத்தண்ணியோட தயாரா வந்தாரு. பால் எழும்புது. செம்பும் எழும்புது. அப்போ பூங்கோதை முன்னால வந்து அவரு மணிக்கட்டைப் பிடிச்சா. அத்தனை சனமும் பாக்குது.

"கையைக் கீழ போடுங்க. இது சமைக்கிற இடம். என்னை வெளிய வச்சுட்டு இதை நீங்க உள்ள வச்சுக்க முடியாது."

சத்தம் போட்டெல்லாம் சொல்லல. ஆனா செம்பு இறங்கிருச்சு.

புஸ்ஸ்ஸ்! பொங்குச்சு பாரு பால்! பானைக் கழுத்து மஞ்சளையும் குங்குமத்தையும் கரைச்சுக்கிட்டு, கல்லு மேல ஓடி, அலமாரியில வழிஞ்சு, தரை வரைக்கும் வந்துச்சு. குலவை காதைப் பிளக்குது. ஏகாம்பரம் பட்டு வேட்டியோட முட்டி போட்டுத் தொடைக்கிறாரு. சர்ரக் சர்ரக்னு தொடைக்கத் தொடைக்க கையளவு இருந்த கறை முழத்துக்கு முழம் பரவுது. அவரு கீழ தொடைச்சிட்டு இருக்கும்போதே பூங்கோதை மேல வாணலியை வச்சா, எண்ணெயை ஊத்துனா, கடுகைப் போட்டா. பட், பட், படபடபட. சுவரெல்லாம் தெறிக்குது. வத்தக்குழம்பு வாசம் ஹால் வரைக்கும் போச்சு. விருந்தாளிங்க முன்னாடி அவரால வாயைத் திறக்க முடியல. திறந்தப்போ, சாப்பாடு ஆச்சான்னு மட்டும்தான் கேட்டாரு.

அப்புறம் அவ யாருகிட்டயும் கேக்கல. பெயிண்டருக்கு அவளே போன் போட்டா. இளமஞ்சள் வந்துச்சு, தகரம் குப்பைக்குப் போச்சு.

ம்? முடியல இன்னும். இரு.

ஒரு ஞாயித்துக்கிழமை அந்த ஆபீசர் பொண்டாட்டியோட வந்தாரு. அடுப்படியைப் பாத்து அசந்து போய், யாருய்யா இந்தக் கலரைத் தேடிப் பிடிச்சதுன்னு கேட்டாரு. ஏகாம்பரம் கொஞ்சமாவது கூசணுமே? நான்தான் சார், பாத்துப் பாத்து செலக்ட் பண்ணேன், லேடீஸுக்கு இதெல்லாம் தெரியாதுன்னாரு.

பூங்கோதை கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் கையைத் தொடைச்சிட்டு ஹாலுக்கு வந்து, ஆபீசர் பொண்டாட்டி பக்கத்துல சோபாவுல நல்லா சாஞ்சு உக்காந்தா.

"ஆமா சார், அடுப்படி முழுக்க அவரோடதுதான். இன்னிக்குக் காபியும் அவரே போட்டுத் தருவாரு."

ஆபீசரும் சந்தோஷமா, எனக்கு சக்கரை கம்மின்னாரு. ஏகாம்பரம் சிரிச்சுக்கிட்டே உள்ள போனாரு. டமார்னு ஒரு கதவைத் திறந்தாரு, உளுந்து இருந்துச்சு. டமார்னு இன்னொண்ணு, உப்பு இருந்துச்சு. கொட கொட, டங்கு டங்குன்னு சத்தம் மட்டும் ஹாலுக்குக் கேக்குது. கூப்பிட்டுக் கேக்கலாம்னா ஆபீசர் முன்னாடி மானம் போயிரும். பூங்கோதை காலை நீட்டி ஊர்க்கதை பேசிட்டு இருக்கா.

அந்த மனுஷன் இன்னும் சக்கரை டப்பாவைத் தேடிட்டே இருக்காராம். அவரு கண்டுபிடிக்கிற வரைக்கும் நாம முழிச்சிருக்க முடியாது. கதை அடுப்படியில நிக்கட்டும், நீ கண்ணை மூடு.