உள்ளே இருந்த பழைய வளையம்

மேட்டுப்பாளையத்தில், ரயில்வே கேட்டுக்குத் தெற்கே ஒரு பட்டறை இருந்தது. ஆட்டோமேட்டிக் கார்களின் கியர் பெட்டியைத் தவிர வேறு எதையும் அங்கே தொட மாட்டார்கள். நடத்தியவர் செல்வநாயகி. நாற்பத்து மூன்று வயது. அதிகம் பேசாதவர்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பெயர் நாச்சிமுத்து. முப்பத்தோரு வருடம் கோத்தகிரி மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோயிற்று. ஓய்வு பெற்றதும், இடது காலுக்கு வேலை வைக்காத வண்டியாகப் பார்த்து, பதினான்கு வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினார். அதைப் பராமரிப்பது எப்படி என்று கேட்கப் போனவர் பட்டறையிலேயே ஒட்டிக்கொண்டார். தன்னைவிடச் சின்னவரைப் போய் குரு என்கிறாரே என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். தெரிந்தவர்தான் குரு, இதில் வயது எங்கே வந்தது என்று அவர் கேட்டார். நேரில் கூப்பிடும்போது மட்டும், கொங்கு வழக்கில் சின்னவர்களைக் கூப்பிடும் 'அம்மிணி'தான் வாயில் வந்தது.

முதல் நாள் செல்வநாயகி வண்டியைச் சூடேறும்வரை ஓட்டி வரச் சொன்னார். கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டினார். கருப்பு. முகர்ந்தால் லேசாகத் தீய்ந்த வாடை.

மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிவிடலாமா என்று நாச்சிமுத்து கேட்டார்.

"வேண்டாங்ணா. இத்தன வருசம் இந்த ஆயில்லயே பழகின பெட்டி. கொஞ்சம் கொஞ்சமா மாத்துவோம்."

பிறகு வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்டியின் அடித்தட்டை முன்பே யாரோ ஒருமுறை கழற்றி மூடியிருந்தார்கள். ஓரத்துப் பசை ஒரே சீராக, நூல் பிடித்தாற்போல் ஓடியிருந்தது. நல்ல கை, இதைக் கழற்ற வேண்டியதில்லை என்றார்.

எனவே வடிகால் போல்ட்டை மட்டும் திறந்து, வந்த மூன்று லிட்டரை அளந்து, அதே அளவு புது ஆயில் ஊற்றினார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும். மூன்றாம் முறை துணியில் புது ஆயிலின் சிவப்பு தெரிந்தது. கியர் மாறும்போது வந்த உதறல் குறைந்தது. நாச்சிமுத்து தினமும் காலையில் வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் காபி குடித்தார்.

கார்த்திகையில், கோத்தகிரியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்து அழைத்துவர அவரும் மனைவி ருக்குமணியும் கிளம்பினார்கள்.

ஒன்பதாவது வளைவு. அவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பக்கூடிய வளைவு. ஏற்றத்தின் நடுவே எஞ்சின் உறுமியது, வண்டி ஏறவில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார். உறுமல்தான் கூடியது. கார் பின்னால் சரிய ஆரம்பித்தது.

பிரேக்கில் நிறுத்திவிட்டார். கைப்பிரேக் சரிவரப் பிடிக்கவில்லை. ருக்குமணி இறங்கி ஓடி, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். கொடுத்தாயிற்று என்று நினைத்து அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். அவள் இன்னும் கையை எடுத்திருக்கவில்லை.

அவள் கத்தவில்லை. பக்கக் கண்ணாடியில் அவள் குனிந்தே இருப்பதைப் பார்த்துத்தான் அவருக்குப் புரிந்தது.

வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. ஒன்றின் நுனியை மருத்துவர் எடுத்துவிட்டார். மகளை மருமகன் வேறு வண்டி வைத்து அழைத்து வந்து விட்டான்.

மூன்றாம் நாள் கார் லாரியில் பட்டறைக்கு வந்தது. செல்வநாயகியும் நாச்சிமுத்தும் அடித்தட்டைக் கழற்றினார்கள். உள்ளே கருஞ்சேறு. பெட்டிக்குள் தானாகவே கியர் பிடிக்கும் கிளட்ச் தட்டுகள் கருகிக் கிடந்தன. செல்வநாயகி ஆயிலை வடிகட்டும் ஃபில்டரை இழுத்தார். ரப்பர் வளையத்தோடு வந்தது. அது பொருந்தியிருந்த துளைக்குள் விரலை விட்டுத் துழாவினார். பிறகு இன்னொரு வளையத்தை வெளியே எடுத்தார்.

நாச்சிமுத்துக்கு அது என்னவென்று தெரியும். புது ஃபில்டர் போடும்போது பழைய வளையத்தை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அதன் மேலேயே புதியதை அழுத்திவிட்டால் ஃபில்டர் முழுதாக உட்காராது. பம்பு ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். சமதரையில் தெரியாது. சூட்டில், ஏற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டி கருகும்.

முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் எத்தனையோ பேரிடம் வசவு வாங்கியவர், திருப்பி ஒரு சொல் சொல்லாதவர். அன்றைக்குப் பேசினார்.

"இத மூடினவன் இப்ப எங்கியோ நிம்மதியா இருப்பான். எம் பொண்டாட்டிக்கு விரல் போச்சு. அவன் கைய என்ன பண்ணினாத் தகும், சொல்லுங்க அம்மிணி."

நாச்சிமுத்து அடித்தட்டை எடுத்து மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கத் தொடங்கினார். சேறு கரைந்த மூலையில் ஆணியால் கீறிய எழுத்து தெரிந்தது. செ.நா. கீழே ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி.

செல்வநாயகியின் பெயரைச் சுருக்கி, அந்தப் பட்டறையில் மூடுகிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கீறுகிற எழுத்து அது. போன வாரம்கூடச் செல்வநாயகி சொல்ல, நாச்சிமுத்துவே ஒன்றில் கீறியிருந்தார். தவறாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி பார்த்தார். பிறகு, ஏன் என்று அவருக்கே தெரியவில்லை, துணியை அதன் மேல் போட்டார்.

செல்வநாயகி வந்து துணியை எடுத்தார்.

தேதியைப் படித்தார். பிறகு சொன்னார்: அப்போது இந்தக் கார் இங்கே வரவில்லை, ஈரோட்டிலிருந்து யாரோ பெட்டியை மட்டும் டெம்போவில் அனுப்பியிருப்பார்கள், அதனால்தான் வண்டியைப் பார்த்தும் தெரியவில்லை. அந்தப் பசையைப் பார்த்து நல்ல கை என்று சொன்னதும் தான்தான் என்றார்.

நாச்சிமுத்து ஏதாவது ஒரு காரணத்துக்காகத் தவித்தார். அது உங்கள் அப்பா தவறிய சமயமாக இருக்குமோ என்று கேட்டார். அதற்கும் மூன்று வருடம் முன்பே அப்பா போய்விட்டார் என்றார் செல்வநாயகி. அப்படியானால் காய்ச்சலில் கிடந்திருப்பீர்கள் என்றார் நாச்சிமுத்து.

"அந்த நாள் எனக்கு ஞாபகமே இல்லீங்ணா. அப்படீன்னா அன்னிக்கு ஒன்னும் நடக்கலைன்னுதான் அர்த்தம்."

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார் நாச்சிமுத்து. செல்வநாயகி கையைக் கழுவவில்லை. இரண்டு வளையங்களையும் ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு நேரே நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனார்.

வாசலில் நின்றபடியே ருக்குமணியிடம் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ருக்குமணி காகிதத்தைப் பார்த்தாள். கட்டுப் போட்ட தன் கையைப் பார்த்தாள்.

"கல்லு கெடச்சுது. எம் மக உள்ள உக்காந்திருந்து, கல்லு கெடைக்காமப் போயிருந்தா?"

ருக்குமணி உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டுக்கு வந்த யாரும் காபி குடிக்காமல் திரும்பியதில்லை. அன்று செல்வநாயகி அப்படித் திரும்பினார்.

நான்கு நாட்கள் நாச்சிமுத்து பட்டறைக்குப் போகவில்லை. போகவும் முடியவில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. காலையில் துடைக்க வண்டியும் இல்லை. ஐந்தாம் நாள் போனார்.

பட்டறை வாசலில் ஒரு பலகை தொங்கியது. இங்கே மூடிய பெட்டிகளை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும், வண்டிகளைக் கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தது. நான்கு வண்டிகள் வந்திருந்தன. நான்கையும் திறந்தாயிற்று என்றும், நான்கிலும் ஒரு வளையம்தான் என்றும் செல்வநாயகி சொன்னார். அதில் அவர் முகம் தெளிந்ததாகத் தெரியவில்லை. இந்தப் பலகையைப் பார்த்து இனி யார் வருவார்கள் என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, வராவிட்டால் தானே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்.

நாச்சிமுத்துவின் காரில் இருந்த பெட்டி மேசைமேல் இருந்தது. புதுத் தட்டுகள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஃபில்டர் மட்டும் பாக்கி. செல்வநாயகி அதை எடுத்தபோது நாச்சிமுத்து, நான்கு நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"உங்கள நம்பித்தானுங்க வந்தேன். நீங்களே இப்படீன்னா, இனி யாரை நம்பி ஒரு பெட்டிய மூடறது?"

செல்வநாயகி ஃபில்டரைக் கீழே வைத்தார். மேசையைவிட்டு நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"பழைய வளையம் உள்ள இருக்குதான்னு விரல விட்டுப் பாருங்ணா."

"அதை அன்னிக்கே நீங்க எடுத்துட்டீங்களே. பக்கத்துல நின்னு நானும் பாத்தனே."

"அதனாலதான் பாக்கச் சொல்றேன்."