தளபதியின் பஞ்சுப் போர்வை

தளபதி மாறவேளுக்குப் படுத்தாலும் உடம்பு நிலைகொள்ளாது. புரண்டு புரண்டே பஞ்சுப் போர்வைகளின் தையலை எல்லாம் அறுத்துவிடுவார். ஒருநாள் அரண்மனைத் தையல்காரி செங்காணியைக் கூப்பிட்டார்.

"இனிமே சாக்கு தைக்கிற நூலால தை. ஒரு நூல் அறுந்தாலும் உன் தலை இருக்காது."

"போர்வையோட பட்டுத்துணி தாங்காதுங்க."

"துணியைப் பத்தி உன்னைக் கேட்டேனா?"

அவளும் அப்படியே தைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் தாடியெல்லாம் பஞ்சோடு, செங்காணியையும் போர்வையையும் இழுத்துக்கொண்டு தளபதி சபைக்குள் பாய்ந்தார். "மகாராஜா, போர்வை தாறுமாறாகக் கிழிஞ்சுபோச்சு. இவ தலையை வாங்கணும்."

செங்காணி போர்வையை விரித்தாள். தையல் அப்படியே இருக்க, அதன் ஓரமாகவே பட்டு கிழிந்திருந்தது.

"ஒரு நூல்கூட அறுந்துபோகலை மகாராஜா. துணியைப் பத்தி அவர் என்னைக் கேட்கலை."

ராஜா சிரிப்பை அடக்கினார். "இனி எந்த நூலால தைப்பே?"

"பழையபடி மெல்லிசு நூல்தான். அறுந்தா மறுபடி தைச்சுக்கலாம். சாக்கு நூலும் மிச்சமிருக்கு. தளபதியைக் கட்டிலோட சேர்த்துத் தைச்சிடட்டுமா?"