இலை நிறைய உப்பு

முன்னொரு காலத்தில் தேன்பாறை நாட்டை மகரந்தவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். போருக்குப் போகச் சோம்பல். ஆனால் ஜெயிக்க ஆசை. அதனால் கருங்கரை நாட்டோடு இருந்த ஆற்றுத் தகராறைக் கால்பந்தாட்டமாக மாற்றிக்கொண்டான். ஆண்டுக்கொரு ஆட்டம். ஜெயிக்கிற நாட்டு வயலுக்கே முதல் தண்ணீர்.

தேன்பாறை அணியின் நடுவில் ஆடியவன் செங்கோடன். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குவான். தன் ஆள் எங்கே ஓடப்போகிறான் என்று அந்த ஆளுக்கே தெரியும் முன் பந்தை அங்கே அனுப்பிவிடுவான். ஆனால் அவன் கோல் போட்டு ஒருவரும் பார்த்ததில்லை. அவனை வைத்துக்கொள்ள அரசன் பத்து வேலி நிலத்தின் விளைச்சலைக் கொடுத்துவந்தான்.

இது பொக்கிஷதார் விருதப்பரின் தொண்டையில் முள்ளாக நின்றது. அந்த ஆண்டு கோலெல்லாம் போட்டவன் அவருடைய தங்கை மகன். சும்மா இருப்பாரா?

"மகாராஜா, பால் கறப்பது என் மருமகன், புல் தின்பது செங்கோடனா?" என்றார் சபையில்.

"அதானே!" என்றான் அரசன். அவனுக்கு யோசனை பிறந்தால் அடுத்த நொடியே சட்டம். "இனிமேல் கோல் போடுகிறவனுக்குத்தான் கூலி. மற்றவர்களுக்குக் கஞ்சி!"

செங்கோடனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் தலைகுனியவில்லை.

"கருங்கரை அரசர் இரண்டு பங்கு தருவதாக ஆள் அனுப்பியிருக்கிறார். விடை கொடுங்கள், போகிறேன்."

"போவதா? எல்லைக் கதவை அடைத்துவிடுங்கள்! இங்கேதான் ஆடுவாய், கஞ்சிக்கு!"

"ஆடுகிறேன் மகாராஜா. கஞ்சிக்கு இந்தக் கால் எவ்வளவு ஓடுமோ, அவ்வளவு ஓடும்."

விருதப்பர் சிரித்தார். "கோல் போடாத காலுக்கு நாக்கு மட்டும் நீளம்!"

"ஐயா, உங்கள் சட்டம் அவ்வளவு நல்லதென்றால் ஆட்டக்காரனோடு ஏன் நிறுத்த வேண்டும்? நாளை ஒரு நாள் அரண்மனைச் சமையற்கட்டிலும் நடத்துங்கள். மகாராஜாவின் இலையில் பரிமாறுகிறவருக்குத்தான் கூலி. மகாராஜா வயிறாரச் சாப்பிட்டால் ஆயுள் முழுக்கக் கஞ்சிக்கே ஆடுகிறேன். இல்லையென்றால் நான் கேட்பதைத் தர வேண்டும்."

பந்தயம் என்றால் அரசனுக்கு வெல்லம். "சம்மதம்! பரிமாறுகிற கரண்டிக்கு ஒரு பொன்!"

மறுநாள் காலை சமையற்கட்டு வாசலில் செங்கோடன் உட்கார்ந்தான். யாரோடும் பேசக்கூடாது என்பது கட்டளை. விருதப்பரும் காவலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே ஒரே கலகலப்பு. காய் நறுக்குகிறவன் அரிவாள்மணையை ஓரம் தள்ளினான். தண்ணீர் இறைக்கிறவன் குடத்தைக் கவிழ்த்தான். எல்லார் கையிலும் பளபளக்கும் கரண்டி.

அடுப்பு ஊதுகிற காத்தாயி மட்டும் வழக்கம்போல் அடுப்பின் முன் குந்தி ஊதுகுழலை எடுத்தாள். செங்கோடனுக்குத் திக்கென்றது. அவள் ஊதிவிட்டால் கதை முடிந்தது. ஊதாமல் இருப்பாளா? பந்து காலுக்கு வந்தால் நான் கூலியை நினைத்தா அனுப்புகிறேன்? கஞ்சிதான் என்றாலும் என் கால் சும்மா கிடக்குமா? நேற்றுச் சபையில் சொன்ன வீரவசனம் அவனுக்கே பொய்யாகப் பட்டது.

காத்தாயி வாசல் பக்கம் திரும்பினாள். "சாமி, அடுப்பு ஊதுறவளுக்கு எவ்வளவு?"

"நீ பரிமாறுகிறாயா?" என்றார் விருதப்பர்.

"என்னைப் பந்திப் பக்கமே விட மாட்டீங்களே."

"அப்படியானால் ஒன்றுமில்லை. ஊதுவது என்ன வித்தையா? யார் வேண்டுமானாலும் ஊதலாம்."

காத்தாயி எழுந்து வந்து ஊதுகுழலை அவர் மடியில் வைத்தாள். "அப்ப நீங்களே ஊதுங்க சாமி." சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டாள்.

விருதப்பர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். அடுப்பருகே போனால் பந்தியில் இடம் போய்விடும் என்று ஒருவரும் அசையவில்லை. கடைசியில் தானே ஊதினார். சாம்பல்தான் மீசையில் ஏறியது.

மதியம் அரசன் இலை முன் அமர்ந்தான். கரண்டிப் படை முட்டி மோதிக்கொண்டு ஓடிவந்தது. சமைக்காமல் பரிமாற அங்கே இருந்தது உப்பு ஒன்றுதான். முதல் ஆள் உப்பு வைத்தான். அடுத்தவனும் உப்பு. அதற்கடுத்தவனும் உப்பு. இலை உப்பளமாயிற்று.

"பரிமாறியாச்சு மகாராஜா, என் பொன்!"

"எனக்குத்தான் முதலில்!"

"சோறு எங்கேயடா?" என்று கத்தினான் அரசன்.

விருதப்பர் முந்திக்கொண்டார். "எல்லாம் இந்தக் காத்தாயியால் வந்தது மகாராஜா! இவள் அடுப்பு மூட்டவில்லை. இவளைச் சவுக்கால் அடிக்க வேண்டும்!"

செங்கோடன் எழுந்தான். "ஐயா, இன்று சோறு இல்லாததற்கு இந்த அம்மாதான் காரணமா?"

"இவளேதான்!"

"அப்படியானால், இத்தனை வருஷம் சோறு இருந்ததற்கு யார் காரணம்?"

விருதப்பர் வாயைத் திறந்தார். கொஞ்சம் சாம்பல்தான் வந்தது. அரசன் இலையைப் பார்த்தான், அந்த மீசையைப் பார்த்தான். விலா நோகச் சிரித்தான். சிரித்ததில் பசி இன்னும் கூடியது.

"தோற்றேன். கேள், செங்கோடா."

"எனக்குப் பதினைந்து வேலி. பின்வரிசையில் நிற்பவர்களுக்கும், கோல் காப்பவனுக்கும் நிலம். எல்லைக் கதவு திறந்தே இருக்கட்டும். இருந்தால் என் விருப்பத்தால் இருப்பேன்."

"நேற்று பத்துதானே? விலை ஏறிவிட்டதே!"

"நேற்றுச் சும்மா விட்டிருந்தால் ஏறியிருக்காது மகாராஜா. அவமானப்பட்டவனை வைத்துக்கொள்வதென்றால் செலவு கூடத்தான் ஆகும்."

அரசன் மறுபேச்சில்லாமல் கொடுத்தான். கரண்டிக்காரர்களுக்குப் போக வேண்டிய பொன்னையெல்லாம் காத்தாயிக்குக் கொடுக்கச் சொன்னான். இலையிலிருந்த உப்பை விருதப்பர் வீட்டுக்கு அனுப்பி, அதைத் தின்று தீர்க்கும்வரை அவர் சட்டம் எதுவும் சொல்லக்கூடாது என்றான்.

"இப்போதாவது சோறு உண்டா, தாயே?"

காத்தாயி அவசரப்படவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு ஊதுகுழலைத் தேடி எடுத்தாள். "இருங்க மகாராஜா. அடுப்பு பத்தணும், உலை கொதிக்கணும்."

அரசன் காத்திருந்தான். அதன்பிறகு தேன்பாறை நாட்டில் கோல் விழுந்தால் ஜனங்கள் யார் போட்டது என்று கேட்பதில்லை. யார் கொடுத்த பந்து என்றுதான் கேட்பார்கள்.