துரைக்கு வந்த மீசைச் சோதனை

மயிலோடை நாட்டில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. மகாராஜா எப்படி மீசை வைக்கிறாரோ, அரண்மனைச் சோறு சாப்பிடுகிற ஆண்கள் எல்லோரும் அப்படியேதான் வைக்க வேண்டும். சோமசேகர பூபதி மகாராஜாவின் மீசை காதுவரை முறுக்கி நிற்கும். ஆகவே சமையல்காரர் முதல் தளவாய் வரை எல்லோருக்கும் முறுக்கு மீசை. முளைக்காதவர்கள் மையால் வரைந்துகொண்டு வந்தார்கள். மகாராஜாவின் கடிதங்களை எழுதும் ராயசம் ஏகாம்பரம் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஓலைக்குத் தடவுகிற அதே மைதான் உதட்டுக்கும். வெயில் காலத்தில் வியர்த்துவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்.

அந்த அரண்மனைக்கு ஒரு நாய் வந்தது. வெள்ளைக்காரக் கப்பல் வியாபாரி ஒருவர் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனது. சாம்பல் நிறம். மூக்குக்கு இரண்டு பக்கமும் தொங்குமீசை, தாடைக்குக் கீழே தாடி, கண்ணை மறைக்கும் புருவம். அசப்பில் அந்த வியாபாரி மாதிரியே இருந்ததால் துரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மகாராஜாவுக்குத் துரைமேல் கொள்ளை ஆசை. துரைக்கோ அவரைக் கண்டாலே ஆகாது. முறுக்கு மீசை எதிரே வந்தால் போதும், கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். நாடே கும்பிடுகிற மனிதர், கையில் பால்கிண்ணத்துடன் கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சுவார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

தளவாய் ரணசூரருக்கு இது நல்ல சந்தர்ப்பமாகப் போயிற்று. தினமும் காலையில் மகாராஜாவின் கழுத்தருகே கத்தி பிடிப்பவர் நாவிதர் குருந்தன். அந்த இடத்தில் தன் ஆளை வைக்க வேண்டும் என்று தளவாய் ரொம்ப நாளாகக் காத்திருந்தார்.

"மகாராஜா, துரையும் அரண்மனைச் சோறுதானே சாப்பிடுகிறது? அதன் மீசை மட்டும் தொங்கலாமா? குருந்தன் என்ன செய்துகொண்டிருக்கிறான்?" என்று சபையில் கொளுத்திப் போட்டார்.

குருந்தன் கைகட்டிச் சொன்னார். "மகாராசா, இந்த முடி முறுக்குக்கு நிக்காதுங்க. சாப்பிட்டதும் தாடியை ஈரத்துணியால துடைக்கணும். தெனமும் நுனியிலேர்ந்து சிக்கெடுத்துச் சீவணும். கண்ணை மறைக்கிறதைக் கொஞ்சம் கத்தரிச்சா நல்லாப் பாக்கும். அவ்வளவுதாங்க."

"கத்தரிப்பதா? துரையின் ஒரு முடி விழக் கூடாது. முறுக்கிக் காட்டு!"

குருந்தன் தேன்மெழுகு தடவினார். துரை நக்கித் தீர்த்தது. புளியங்கொட்டைப் பசை தடவினார். தாடி மார்போடு ஒட்டிக்கொண்டது. விளக்கெண்ணெய் தடவியபோது துரை உடம்பை ஓர் உதறு உதற, பாதி எண்ணெய் தளவாயின் பட்டு அங்கவஸ்திரத்தில் போய் விழுந்தது.

மகாராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நாளைக் காலை சபைத் திரை விலகும்போது என் மீசைக்கும் துரையின் மீசைக்கும் வித்தியாசமே இருக்கக் கூடாது. துரையின் முடி ஒன்றுகூட விழக் கூடாது. தவறினால் குருந்தன் குடும்பத்தோடு எல்லை தாண்ட வேண்டும்!"

ஏகாம்பரம் எழுத்தாணியை எடுத்தார். "இப்படியே எழுதட்டுமா, மகாராஜா?"

"இப்படியே எழுது."

"ஒரு சொல்கூட மாற்ற வேண்டாமா?"

"வேண்டாம். முத்திரை வை!"

சபை கலைந்ததும் குருந்தன் தூணில் சாய்ந்து அழுதுவிட்டார். "சாமி, அஞ்சு பிள்ளைங்களோட நான் எங்க போவேன்?"

"எங்கேயும் போக வேண்டாம்யா. நாளைக்குத் துரையை நல்லாத் துடைச்சு, சீவி மட்டும் விடும். அப்புறம் உம்ம கை நடுங்காம இருக்கணும்" என்று சொல்லி, காதில் விஷயத்தைப் போட்டார் ஏகாம்பரம். அதைக் கேட்டதும் குருந்தன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மகாராஜாவுக்குச் சவரம் நடப்பது சபையிலேயே, சிம்மாசனத்துக்கு முன் தொங்கும் திரைக்குப் பின்னால்தான். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஏகாம்பரம் அன்றைக்கு வந்த கடிதங்களை வாசிப்பார். அன்று வாசித்தது இரண்டு ஊர்களின் ஏரித் தகராறு. இருபத்திரண்டு ஓலை. மூன்றாவது ஓலையிலேயே மகாராஜாவிடமிருந்து குறட்டை வந்தது.

கண் விழித்துக் கண்ணாடியைப் பார்த்தவர் அலறினார். காதுவரை நின்ற மீசை வாயின் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே சாம்பல் வேறு பூசியிருந்தது.

"ஏகாம்பரம்! யாருடைய வேலை இது?"

வியர்வையில் ஏகாம்பரத்தின் ஒரு பக்க மீசை கரைந்து தாடையில் வழிந்தது. இருந்தாலும் ஓலையை விரித்தார்.

"மகாராஜாவின் உத்தரவு. இரண்டு மீசைக்கும் வித்தியாசம் கூடாது. துரையின் முடி விழக் கூடாது. கத்திக்குப் போக்கிடம் வேறே இல்லை, மகாராஜா."

மகாராஜா வாளைத் தேடிக் கையை நீட்டினார். நீட்டிய கையில் ஈரமாக ஏதோ பட்டது. துரை! கட்டிலுக்கு அடியிலேயே குடியிருந்த துரை, சுத்தமாகச் சீவிய தாடியோடு வந்து நின்றது. அவர் முகத்தை ஒரு முறை பார்த்தது. முன்கால்களை அவர் முழங்காலில் வைத்து, அந்தத் தொங்குமீசையை ஆசை தீர நக்கியது.

மகாராஜாவின் கண் கலங்கிவிட்டது. பிறகு சிரிப்பு வந்தது. சிம்மாசனம் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். "குருந்தா, இனிமேல் துரை உன் பொறுப்பு. துடை, சீவு, கண்ணை மறைப்பதைக் கத்தரி. யாரும் கேட்க மாட்டார்கள். ஏகாம்பரம், உமக்கு என்ன வேண்டும்?"

"கொஞ்சம் கரையாத மை, மகாராஜா."

திரை விலகியது. சபையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தளவாய் மட்டும் துள்ளி எழுந்தார். "மகாராஜா! உங்களை நாய் மாதிரி ஆக்கின துரோகி யார்? சொல்லுங்கள், இப்போதே தலையை வாங்குகிறேன்!" என்று சொல்லித் தன் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

மகாராஜா துரையின் தாடியைத் தடவியபடியே கேட்டார்.

"தளவாய், நீரும் அரண்மனைச் சோறுதானே சாப்பிடுகிறீர்?"

குருந்தன் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.