ஸ்ட்ரெச்சர் குறுக்கே விழுந்த நாள்

ஸ்ட்ரெச்சர் இருளாண்டியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தறைச் சுவரில் தொங்கிய ஸ்ட்ரெச்சர் அது. குளவி கொட்டி, உடம்பெல்லாம் தடித்து வந்த இருளாண்டியைப் படுக்கச் சொன்னார்கள். "நாலு பேர் தூக்கிக்கிட்டுப் போக நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சிரித்துவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தான். வாசலைத் தாண்டியதும் சரிந்தான். பிறகு எழவில்லை.

அவன் அதில் படுக்கவே இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து தோட்டத்தில் அதற்குப் பாடை என்று பெயர்.

"என்னண்ணே, இன்னிக்காவது சவாரி உண்டா?" என்று அலமாரியிலிருந்து அரிப்பு மாத்திரை தினமும் சீண்டும். மாத்திரைக்குக் கிராக்கி அதிகம். பக்கத்தில் இருந்த அட்ரினலின் ஊசிமருந்துக் குப்பியை யாரும் தேடுவதில்லை. அதுவும் பேசுவதில்லை.

மழை விட்ட ஒரு முற்பகலில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அன்னக்கொடியைக் குளவிகள் கொட்டின. அவள் கணவன் வீரபத்திரன் தோளில் தாங்கி அழைத்து வந்து மருந்தறை பெஞ்சில் உட்கார வைத்தான்.

"கடிவாயில சுண்ணாம்பு வச்சுட்டேன், சிஸ்டர். வழியில ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. அரிப்புக்கு ஒரு மாத்திரை குடுங்க போதும்."

"கேட்டியா? என்னைத்தான் கேக்குறாங்க" என்றது மாத்திரை.

ஸ்ட்ரெச்சர் அன்னக்கொடியையே பார்த்தது. உதடு வீங்கியிருந்தது. மூச்சில் விசில் கேட்டது.

முதல் முறையாகக் குப்பி வாய் திறந்தது. "தம்பி, அரிப்பு உன் வேலை. தொண்டை அடைச்சா நீ என்ன பண்ணுவே? நீ கரைஞ்சு ரத்தத்துல சேரவே அரை மணி ஆகும்."

"ஆகட்டுமே!"

"அவகிட்ட அரை மணி இல்ல."

நர்ஸ் ஜெசிந்தாவும் அதையே கண்டுகொண்டாள். குப்பியை எடுத்தாள். "மாத்திரை அப்புறம். தொடையில ஊசி போடணும். ஸ்ட்ரெச்சரை இறக்குறேன், படுங்கம்மா."

அன்னக்கொடி நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். "அந்தப் பாடையிலயா?" குரல் கம்மிப் போயிருந்தது. "வேணாம் சிஸ்டர். நான் நடந்தே ஜீப்புக்குப் போயிடுறேன்." கணவன் தோளைப் பிடித்து எழுந்தாள். அதே வாசலை நோக்கி நடந்தாள்.

ஸ்ட்ரெச்சர் கொக்கியை விட்டது.

அறை அதிர, வாசலுக்குக் குறுக்கே விழுந்தது. வீரபத்திரன் திடுக்கிட்டு நின்றான். அந்த நொடியில் அன்னக்கொடியின் முழங்கால் மடிந்தது.

"அதுலயே படுக்க வைங்க!" என்று ஜெசிந்தா கத்தினாள். "எந்திரிக்க விடாதீங்க. எந்திரிச்சா ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிடும், நெஞ்சுக்கு மிஞ்சாது. காலைத் தூக்கிப் பிடிங்க!"

வீரபத்திரன் மனைவியின் பாதங்களை மடியில் ஏற்றிக்கொண்டான்.

"என் கழுத்தை உடைம்மா, சீக்கிரம்" என்றது குப்பி. சிஸ்டரின் காதில் அது விழுந்திருக்காது. ஆனாலும் அவள் உடைத்தாள். சேலைக்கு மேலாகவே தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசி இறங்கியது.

ஸ்ட்ரெச்சர் தன் துணியில் அவள் முதுகை உணர்ந்தது. ஒரு மூச்சு. நீண்ட இடைவெளி. இன்னொன்று. பிறகு விசில் குறைந்து, மார்பு நிறைய ஒரு மூச்சு.

"இப்ப நீ வரலாம் தம்பி" என்றது காலியான குப்பி, மாத்திரையிடம். "தடிப்பு இறங்க நீயும் வேணும். எனக்குப் பின்னால வா, அவ்வளவுதான்."

திரும்பவும் மூச்சு முட்டக்கூடும் என்பதால் அவளை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னாள் ஜெசிந்தா. நால்வர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்கள். வழியில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசல்களில் பெண்கள் கூடி நின்றார்கள். ஒருத்தி பாடையைக் கண்டதும் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

படுத்திருந்தவள் கையை உயர்த்தினாள். "யாருடி அது, நான் இருக்கும்போதே ஒப்பாரி வைக்கிறது? யோவ், ஆட்டாம தூக்கு. கொழுந்து மூட்டைன்னு நெனச்சியா?"

அழுதவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லயமே சிரித்தது. ஸ்ட்ரெச்சர் சிரிப்பின் நடுவே போனது.

மறுநாள் மாலை ஜீப் திரும்பி வந்தது. அன்னக்கொடி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தது.